நாற்பத்து மூன்று மில்லிமீற்றர்

தம்பிக்கு,

நீ வெளிநாட்டு வேலைக்கு வெளிக்கிட இன்னும் ஆறு நாட்கள் இருக்கின்றன. ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு மகனுக்குக் கடிதம் எழுதுகிறேன் என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். ஆனால் நான் வாய் திறக்கிற நேரமெல்லாம் நீ விமான ரிக்கெற்றைப் பற்றியோ குளிர்ச்சட்டையைப் பற்றியோ கதைத்து விலகிப் போகிறாய், நானும் அதுவே நல்லது என்று விட்டுவிடுகிறேன். பிறகு முற்றத்துக்கும் அடுப்படிக்குமாக நடக்கிறேன். "ஒண்டில் ஓரிடத்திலை இருங்கோ, இல்லாட்டி எங்கையாவது போட்டு வாங்கோ, எனக்குத் தலை சுத்துது" என்று இன்று காலை அம்மா ஏசினாள். அதனால் உன்னுடைய பழைய கொப்பி ஒன்றில் தாள் கிழித்துக்கொண்டு மேசைக்கு வந்தேன். எழுதும்போதும் கால் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது. இதை நீ மடித்து ஒளித்து வைக்க வேண்டியதில்லை. உன்னோடு வேலை செய்கிறவர்களுக்குக் காட்டு. ஒரு கட்டிடத்துக்குப் பொறுப்பென்று கையெழுத்து வைக்கிற எவரும் வாசிக்கட்டும்.

தை மாதம் நீ அந்தக் கறுப்புப் பெட்டியோடு வந்து இறங்கிய நாளில் எனக்கிருந்த புளுகு, அந்தச் சந்தோசம், உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள் வெளிநாட்டில் கூடி, அந்த இரண்டு மாடிக் கட்டிடத்துக்கு மேலே இன்னொரு மாடி போடுவது என்று முடிவெடுத்திருந்தார்கள். பழைய வரைபடங்கள் இல்லை. எங்கள் கட்டிடத் திணைக்களக் கந்தோர் இடம் மாறியபோது அரைவாசி தொலைந்தது, மிச்சத்தைக் கறையான் தின்றது. ஆகவே இருக்கிற கட்டிடத்தை லேசரால் அளந்து அப்படியே முப்பரிமாண மாதிரியாக்கித் தரும் வேலை கொழும்பில் உன் நிறுவனத்துக்குக் கிடைத்தது, ஊர்ப் பொடியன் என்று உன்னை அனுப்பினார்கள். அந்தக் கட்டிடத்தைக் கட்டும்போது மேற்பார்வை செய்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் நான். மகன் அளக்கிற கட்டிடம் தகப்பன் கட்டியது என்று வழியில் கண்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு முக்காலியைத் தூக்கியபடி உன் பின்னால் வந்தேன்.

நீ வேலை செய்ததைப் பார்க்க ஆசையாக இருந்தது. மூலைக்கு மூலை வெள்ளைப் பந்துகளை வைத்தாய். ஓரிடத்தில் நின்று எடுத்ததை அடுத்த இடத்தில் எடுத்ததோடு பொருத்துவதற்கு அவைதான் அடையாளம் என்றாய். முக்காலியின் உச்சியில் அந்த இயந்திரம் தலையைச் சுற்றிச் சுற்றி ஒளியை வீசியது. சுவரில் பட்டுத் திரும்புகிற ஒவ்வொரு ஒளியும் ஒரு புள்ளி, ஒரு சுற்றில் இலட்சக்கணக்கான புள்ளிகள், அவ்வளவும் சேர்ந்தால் கட்டிடம் என்றாய். நாங்கள் நாடா பிடித்து ஒரு வகுப்பறையை அளக்கும் நேரத்தில் நீ ஒரு மாடியை முடித்துவிட்டாய். இடையில் நான் கேட்டேன், "உது சுவருக்குள்ளையும் பார்க்குமோ?" நீ சிரித்தாய். "இல்லை அப்பா, இதுக்குத் தோல் மட்டும்தான் தெரியும். உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு இதுக்குத் தெரியாது." அதைக் கேட்டதும் எனக்கு ஏதோ ஆறுதலாக இருந்தது. ஏன் ஆறுதல் என்று அப்போது நான் என்னைக் கேட்கவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்து என்னைக் கூப்பிட்டாய். பள்ளிக்கூடம் திரையில் சுழன்றது. நீ ஒரு பொத்தானை அமத்தியதும் அதற்கு நிறம் ஏறியது, நேராக நிற்கிற இடமெல்லாம் பச்சை, விலகிய இடம் சிவப்பு. கட்டிடம் முழுக்கப் பச்சையாக இருந்தது. மேல்மாடி விறாந்தை மட்டும், வகுப்பறைகளுக்கு முன்னால் தூண் இல்லாமல் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறதே அது, நடுவில் சிவந்து கிடந்தது. சுவரோரத்தை விட வெளி விளிம்பு நாற்பத்து மூன்று மில்லிமீற்றர் தாழ்வு என்றாய். தொலைபேசியில் உன் மேலதிகாரி, அது மழைத்தண்ணீர் வெளியே ஓட வைத்த வாட்டச் சரிவாக இருக்கும், விறாந்தைகளுக்கு அப்படி வைப்பது வழக்கம்தானே என்று சொல்லியிருந்தார். நீ அதோடு நிற்கவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாய்.

"அப்பா, நீங்கள்தானே அப்ப நிண்டது. மழைத்தண்ணிக்கு வாட்டம் வைச்சனீங்களோ?"

"வைச்சிருப்பம்" என்றேன்.

"வடிவா ஞாபகம் இருக்கோ?"

"கனகாலம் தம்பி. வைச்சிருப்பம்."

நீ அதை அப்படியே எழுதினாய். கட்டியபோது மேற்பார்வை செய்த உத்தியோகத்தரும் இதை உறுதிப்படுத்தினார் என்று உன் அறிக்கையில் ஒரு வரி இருக்கிறது. நீ வாசித்துக் காட்டியபோது நான் எழுந்து, மாட்டுக்குத் தண்ணீர் வைக்க வேண்டும் என்று கிணற்றடிக்குப் போனேன். மாட்டுக்கு அம்மா ஏற்கனவே தண்ணீர் வைத்திருந்தாள்.

நடந்தது இதுதான். சமாதான காலம், சீமெந்து தாராளமாக வரத் தொடங்கியிருந்தது, எல்லாருக்கும் எல்லாவற்றையும் கட்டிவிட வேண்டும் என்ற அந்தரமும் அவசரமும். நீ அப்போது பாலர் வகுப்பு. விறாந்தைக்குக் கொங்கிறீற் போட்ட நாளில் காலையில் நான்தான் கம்பி கட்டியதைச் சரிபார்த்தேன். ஒரு பக்கம் மட்டும் பிடிபட்டு மறு பக்கம் அந்தரத்தில் நிற்கிற தட்டுக்கு உயிர் மேல் பக்கத்துக் கம்பியில்தான் இருக்கிறது. அந்தக் கம்பி சரியான இடத்தில்தான் இருந்தது. மத்தியானம் தரகர் ஒருவர் வந்து, அளவெட்டியில் ஒரு காணி இருக்கிறது, இன்றைக்கே பார்க்காவிட்டால் வேறு ஆட்கள் எடுத்துவிடுவார்கள் என்றார். வேலை நடந்துகொண்டிருக்க நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். நீ வளர்ந்த இந்த வீடு நிற்கிற காணி அதுதான். திரும்பி வந்தபோது விறாந்தை போட்டு முடித்து மேற்பரப்பையும் மட்டம் தட்டியிருந்தார்கள். செல்லையா மேசன் கையைக்கூடக் கழுவாமல் என்னிடம் வந்தார்.

"ஐயா, கொங்கிறீற் தாச்சி தூக்கின பொடியள் மேல் கம்பியை மிதிச்சுப் போட்டாங்கள். நான் கத்தினனான், கேக்கேல்லை. கனக்கக் கீழை போட்டுது. இப்பவே கிளறி எடுப்பமோ? இன்னும் இறுகேல்லை."

கிளறினால் அவ்வளவு கொங்கிறீற்றும் வீண். திறப்பு விழாவுக்கு நாள் வைத்தாகிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த நேரத்தில் நான் ஏன் அங்கே இல்லை என்று எழுத வேண்டி வரும். "விடு மேசன், அது தாங்கும்" என்றேன். பரிசோதித்தேன் என்று கையெழுத்தும் வைத்தேன். வாட்டமும் வைத்தோம்தான். ஆனால் வெளிப்பக்கம் அல்ல, உள்பக்கம். கீழே பிள்ளைகள் வரிசையில் நிற்கிற இடத்தில் தண்ணீர் சிந்தக் கூடாது என்று அப்போதிருந்த பள்ளிக்கூட அதிபர் கேட்டுக்கொண்டதால், சுவரோரமாக ஒரு சின்ன வாய்க்கால் விட்டு இரண்டு குழாய்களால் தண்ணீரைக் கீழே இறக்கினோம். கொங்கிறீற்றைத் தாங்கிய பலகையைக் கழற்றிய அன்று நானே மட்டம் பிடித்துப் பார்த்தேன், வெளி விளிம்பு அரை அங்குலம் உயரமாகவே நின்றது. தப்பிவிட்டேன் என்று நினைத்தேன். பிற்காலத்தில் யாரோ விறாந்தை விளிம்பில் இருந்த கம்பி வேலியை எடுத்துவிட்டு அரைச்சுவர் கட்டினார்கள், வாய்க்காலை மூடிப் புதிதாகச் சீமெந்துத் தரை போட்டார்கள். பாரம் ஏறியது. அந்த நாற்பத்து மூன்று நீ அளந்த கணக்கு. உயர்ந்து நின்ற விளிம்பு தாழ்ந்துதான் அந்த இடத்துக்கு வந்திருக்கிறது என்பதால் உண்மையான இறக்கம் அதை விடக் கூட. கம்பி கீழே போனது உலகத்தில் எனக்கும் செல்லையா மேசனுக்கும் மட்டும்தான் தெரிந்திருந்தது.

நீ மேசையில் வைத்துக் கேட்ட பிறகும் ஒன்பது நாட்கள் நான் சொல்லாமல் இருந்தேன். இதைத்தான் நீ மன்னிக்கவில்லை என்று நினைக்கிறேன். பழைய பிழையை அல்ல, இந்த ஒன்பது நாட்களை. நீ வேறு இரண்டு கட்டிடங்களை அளக்கப் போய்வந்துகொண்டிருந்தாய். நான் பள்ளிக்கூடம் நடந்த நாளெல்லாம் பத்தரை மணிக்கு, இடைவேளை மணி அடிக்கும் நேரம் பார்த்து, பள்ளிக்கூட வாசலுக்குப் போனேன். விளையாட்டுப் போட்டிக்காக முற்றத்தில் பாண்ட் ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்க மேல் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் அந்த அரைச்சுவரில் சாய்ந்துகொண்டு நிற்பார்கள். ஒரு நாள் எண்ணினேன், அறுபத்தெட்டுத் தலை. மேளம் அடிக்க அடிக்க அவர்களும் காலால் தாளம் போட்டார்கள். வாசல் காவலாளி, "ஆரைத் தேடுறியள் ஐயா?" என்று கேட்டான். "ஒருத்தரையும் இல்லை" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்றேன். மணி அடித்து அவர்கள் வகுப்புக்குள் போன பிறகுதான் மோட்டார் சைக்கிளைத் திருப்பினேன். இருபது வருடத்துக்கு மேல் நின்றது இன்னும் ஒரு நாள் நிற்காதா என்று என்னைத் தேற்றிக்கொண்டு வீட்டுக்கு வருவேன். வந்து இருக்க முடியாது. மறுபடியும் சாவியை எடுப்பேன்.

அந்த நாட்களில் ஒரு பழைய காரியம் என்னைப் பிடித்து உலுப்பியது. உனக்குப் பதினொரு வயது. கணக்குச் சோதனையில் பக்கத்துப் பொடியனைப் பார்த்து ஒரு விடை எழுதினாய் என்று நீயாகவே போய் ஆசிரியரிடம் சொல்லி, புள்ளியைக் குறைத்துக்கொண்டு வந்தாய். வகுப்பில் முதலாவதாக வந்திருக்க வேண்டியவன் நான்காவதாக வந்தாய். நான் உன்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் பரவாயில்லை. "ஒருத்தரும் கேக்காததை ஏன்ரா போய்ச் சொன்னனீ?" என்று கேட்டேன். நீ என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய், எனக்கு விளங்காத ஏதோ ஒன்றை நான் எப்போது விளங்கிக்கொள்வேன் என்று பார்ப்பவன் போல. அந்தக் கேள்வியை அன்று நான் உன்னிடம் கேட்கவில்லை தம்பி. எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஒன்பதாம் நாள் கொழும்புத்துறைக்குப் போனேன். செல்லையா மேசன் அங்கே மகளோடு இருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், அவர் மறந்திருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் போனேன். அவர் மறந்திருந்தால் தெரிந்தவன் நான் ஒருவன்தான், அப்படியென்றால் தெரியாத மாதிரித்தான் என்று என் புத்தி கணக்குப் போட்டது. கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன வீடு. கண் மங்கிப் போயிருந்தது, குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்தார். கதிரை போடச் சொன்னார். நான் அதையும் இதையும் கதைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்தை அளந்த கதையைச் சொன்னேன்.

"விறாந்தை இறங்கிட்டுதோ?" என்று கேட்டார். நான் இறக்கத்தைப் பற்றி இன்னும் ஒரு சொல்லும் சொல்லியிருக்கவில்லை.

"ஞாபகம் இருக்கோ செல்லையாண்ணை?"

"மறக்கிற சாமானே ஐயா? நீங்கள் விடு எண்டு சொன்னனீங்கள், நான் விட்டனான். நான் அதுக்குப் பிறகு அந்த விறாந்தைக்குக் கீழாலை நடக்கிறேல்லை. என்ரை பேத்தியை அந்தப் பள்ளிக்கூடத்திலை சேர்க்கப் போறம் எண்டு மகள் நிண்டவள். நான் ஒற்றைக்காலிலை நிண்டு வேண்டாம் எண்டிட்டன். ஏனெண்டு கேட்டவள். வாயே திறக்கேல்லை." பிறகு சொன்னார், "என்ரை பிள்ளையை மட்டும் காப்பாத்தினன். மற்றப் பிள்ளையளை நினைக்கேல்லை. அது உங்கடை பிழையில்லை, என்ரை."

அந்த மனிதர் அதைத் தன்னுடைய பிழை என்று சொன்னதைக் கேட்டுக்கொண்டு என்னால் அந்தக் கதிரையில் இருக்க முடியவில்லை. தேத்தண்ணீர் வரும் முன்னே எழுந்து வந்துவிட்டேன்.

நீ வேலை முடித்து வந்து கை கால் கழுவிக்கொண்டு நின்றாய். நான் உன்னை உள்ளே வரக்கூட விடவில்லை, கிணற்றடியிலேயே எல்லாவற்றையும் சொன்னேன். காணி பார்க்கப் போனது, கம்பி, "விடு" என்றது, வாட்டம் உள்பக்கம் வைத்தது. நீ துவாயைத் தோளில் போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தாய். முடித்தபோது நீ கேட்டது ஒன்றுதான்.

"நான் அண்டைக்குக் கேக்கேக்கை உங்களுக்குத் தெரியுமோ?"

"ஓம்."

நீ உள்ளே போனாய். நானும் பின்னால் வந்தேன். மடிக்கணினியைத் திறந்து, மாதிரியைக் கவிழ்த்து, விறாந்தையின் அடிப்பக்கத்தைப் பெரிதாக்கினாய். சுவரோரமாகத் தேடினாய். சாந்து பூசி மறைத்த இடத்தில் இரண்டு வட்டங்கள் இருந்தன, சில்லறைக் காசின் தடிப்பளவுகூட மேலெழாத இரண்டு வட்டங்கள். நாங்கள் விட்ட குழாய்களின் வாய்கள். வெறுங்கண்ணால் பார்த்தால் தெரியாது, நீ அளந்த அன்று நானே கீழே நின்று பார்த்தும் காணவில்லை. நீ அவற்றின் மேல் விரலை வைத்து, "வாட்டம் உள்பக்கம்தான்" என்று உனக்குள் சொன்னாய். பிறகு என்னைப் பார்க்காமலே, "வெளிக்கிடுங்கோ, அதிபரின்ரை வீட்டை போவம்" என்றாய்.

அதிபர் அம்மா எங்களை வாசலிலேயே வைத்துக் கேட்டார். நீ எண்களைச் சொன்னாய், நான் மிச்சத்தைச் சொன்னேன். அவர் ஒரு கேள்வியும் இடையில் கேட்கவில்லை. "விடியத் திறக்கிறதுக்கு முதல் மேல்மாடியைப் பூட்டுவிக்கிறன். பிள்ளையள் மண்டபத்திலை இருந்து படிக்கட்டும்" என்றார். நாங்கள் திரும்பும்போது என்னைக் கூப்பிட்டு, "ஐயா, நீங்கள் ஒவ்வொரு நாளும் வாசல்லை வந்து நிண்டதா காவலாளி சொன்னவன். உள்ளுக்கை வர ஏன் இவ்வளவு நாள் எடுத்தது?" என்று கேட்டார்.

பிறகு நடந்தவை நீ அறிந்தவை. விறாந்தைக்குக் கீழே இரும்பு முட்டுகள் கொடுத்தார்கள். மாகாணத்துப் பொறியியலாளர்கள் வந்து மேல் தரையைக் கொத்தினார்கள். சுவரோரமாக, புதிய சீமெந்துக்குக் கீழே, விறாந்தையின் நீளத்துக்கு ஒரு வெடிப்பு ஓடியிருந்தது, விரல் நுனி போகிற அகலம். கம்பி இருக்க வேண்டிய ஆழத்தில் இல்லை. கொத்திக் கொத்திக் கீழே போன பிறகுதான் அகப்பட்டது, துருவேறி. இன்னொரு பெருமழைக் காலம் தாண்டியிருக்காது என்று அவர்களில் மூத்தவர் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். அவர் என்னிடம் சொல்லவில்லை, உன்னிடம் சொன்னார். விறாந்தை முழுவதையும் வெட்டி எடுத்துவிட்டுத் தூண் வைத்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். நான் எழுத்தில் வாக்குமூலம் கொடுத்தேன். சந்தையில் சிலர் என்னைக் கண்டால் வேறு பக்கம் பார்க்கிறார்கள். ஒருவர், அன்று அந்தக் கட்டிடத்தை ஒப்பந்தம் எடுத்த, இப்போது இறந்துபோன கொந்தராத்துக்காரர் மேல் பழியைப் போட்டிருக்கலாமே என்று எனக்குப் புத்தி சொன்னார். அவர் நல்லவர், எனக்காகத்தான் சொன்னார்.

ஆனால் நான் திரும்பத் திரும்ப நினைப்பது நீ செய்த காரியத்தை. நிறுவனத்தில், முதல் அறிக்கையைச் சத்தமில்லாமல் எடுத்துவிட்டுப் புதியதை வைத்துவிடு என்றார்கள். நீ புதிய அறிக்கையின் முதல் வரியாக, எனது முந்தைய அறிக்கை தவறானது, காரணம் நான் ஒருவரின் சொல்லைச் சரிபார்க்காமல் ஏற்றுக்கொண்டது என்று எழுதிக் கையெழுத்து வைத்தாய். அந்த ஒருவர் யார் என்று எழுதவில்லை. என்னைக் காப்பாற்றவா, உன் அப்பன் என்று எழுத வெட்கப்பட்டா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் துணிவில்லை. எனக்கு இருபது வருடமும் ஒன்பது நாளும் எடுத்ததை நீ ஒரு பின்னேரத்தில் செய்தாய். ஆகவே உனக்கு நான் சொல்லப் புத்திமதி பெரிதாக ஒன்றும் இல்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். நீ போகிற நாட்டில் பெரிய ஆஸ்பத்திரிகளையும் சுரங்க வழிகளையும் அளக்கப் போகிறாயாம். அங்கேயும் யாராவது ஒரு வயதானவர் பக்கத்தில் வந்து நிற்பார், தான் கட்டியது என்று பெருமைப்படுவார். அவர் "இருக்கும்", "வைத்திருப்போம்" என்று சொன்னால் மரியாதைக்காக விட்டுவிடாதே. இரண்டாம் முறையும் கேள். மூன்றாம் முறையும் கேள். அன்றைக்கு நீ என்னை மூன்றாம் முறை கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். இல்லை, இதுவும் பிழை. பழியில் ஒரு துண்டை உன் மேல் வைக்கப் பார்க்கிறேன். அழித்து எழுதாமல் அப்படியே விடுகிறேன், நீ உன் அப்பனை முழுதாகத் தெரிந்துகொள்.

இப்போது நான் ஏன் இருப்புக்கொள்ளாமல் நடக்கிறேன் என்பதற்கு வருகிறேன். உன் கோபம் மட்டும் காரணம் அல்ல. நான் கையெழுத்து வைத்த மற்றக் கட்டிடங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன், போயும் பார்த்தேன். ஒன்றைத் தவிர மற்றவை எல்லாவற்றிலும் கொங்கிறீற் போட்ட நாளில் நான் எங்கே நின்றேன் என்று சொல்ல எனக்கு ஞாபகம் இருக்கிறது. அந்த ஒன்று தென்மராட்சியில் இருக்கிற தாய் சேய் கிளினிக். முன்னுக்கு ஒரு முகப்பு, இதைப் போலத்தான், தூண் இல்லாமல் நீட்டி நிற்கிறது. அன்று நான் அங்கே நின்றேனா, போய்விட்டேனா என்று எவ்வளவு யோசித்தும் வரவில்லை. வெள்ளிக்கிழமைகளில் கர்ப்பிணிப் பெண்கள் அதற்குக் கீழேதான் வரிசையில் இருக்கிறார்கள். சுகாதாரப் பணிமனைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன், அளந்து பார்க்கச் சம்மதித்துவிட்டார்கள். உன் இயந்திரம் சனிக்கிழமைதான் கொழும்புக்குத் திரும்புகிறது என்று அம்மா சொன்னாள். நாளைக் காலை என்னோடு வருவாயா? வழியில் நீ ஒன்றும் கதைக்கத் தேவையில்லை. முக்காலியை நான் தூக்குகிறேன்.

நேற்றுப் பின்னேரம் நான் அங்கே போயிருந்தேன். முகப்புக்குக் கீழே அந்தப் பெண்கள் உட்காரக் கிடந்த நான்கு நீள வாங்குகளையும் மருத்துவமாதுவைத் துணைக்குக் கூப்பிட்டு, இருவருமாகத் தூக்கி வேலியோரத்து மாமரத்துக்குக் கீழே போட்டோம். கடைசி வாங்கை இறக்கி வைத்த பிறகு, "ஏனையா, அதிலை என்ன பிழை?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள். சொன்னேன்.

அப்பா